அண்டாத் தண்ணீரில் நூறு மூச்சு

நான் வேலை பார்த்த சுற்றுலா அலுவலகத்தை இப்போது நடத்துகிற பெண் போன மாதம் கூப்பிட்டார். அலையில்லாத கடற்கரைக்குப் போகிறவர்கள் அங்கே என்னென்ன செய்யலாம் என்று பத்து வரி வேண்டும், வெப்சைட்டில் போட வேண்டும் என்றார். இருபது வருஷத்துக்கு மேல் அந்தமானுக்கு ஆட்களைக் கூட்டிப்போய் வந்தவனுக்குப் பத்து வரி ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன். கண்ணாடித் தரை போட்ட படகில் போகலாம். இடுப்பளவுத் தண்ணீரில் குப்புறப் படுத்துப் பவளப்பாறை பார்க்கலாம். பாறைமேல் கால் வைக்கக் கூடாது, அதற்கு உயிர் உண்டு. சிப்பி, சங்கு எதையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். முதுகு வெந்துபோகும், ஆகவே சட்டையோடு மிதப்பது நல்லது. ஆறு வரி மளமளவென்று வந்தது. ஏழாவது வரி, வாயில் கவ்வியிருக்கும் மூச்சுக்குழாயில் தண்ணீர் புகுந்தால் தலையைத் தூக்காமல் ஊதித் தள்ளவும் என்பது. அதை எழுதியதும் கை நின்றுவிட்டது.

மீதி மூன்றையும் எப்படியோ எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த ஏழாவது வரிக்குப் பின்னால் ஒரு முழு நாள் இருக்கிறது. இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று அதைத் தனியாக எழுதுகிறேன்.

என் அப்பா குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொட்டியில் வேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். தெருவில் யார் வீட்டுக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டு, பட்டா, கோர்ட் நோட்டீஸ், எதுவானாலும் நான் படித்துச் சொன்னால் அதோடு முடிந்தது. யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அப்படி வளர்ந்ததில் எனக்கு ஒரு நம்பிக்கை ஊறிவிட்டது: தாளில் மையால் எழுதியது பொய்யாக இருக்காது. பட்டப்படிப்பு முடித்து இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்தேன். எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் இந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். நல்ல கையெழுத்து என்பது ஒரு காரணம். பல்லாவரம் மலைக்குப் பின்னால் கல் உடைத்த பள்ளங்களில் நீந்தப் பழகியவன் என்பது இன்னொரு காரணம். முதல் ஒரு வருஷம் டிக்கெட், லக்கேஜ், வாந்திக்கு எலுமிச்சம்பழம் என்று போய்விட்டது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அலுவலகம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு வாடகைப் பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. நடத்தியவர் ரெஜினா மேடம். அப்போது அவருக்கு நாற்பதுகூட இருக்காது. அதற்கு முன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கணவர் கப்பலில் வேலை. எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணச் சலுகை கிடைக்கும் மத்திய அரசு ஊழியர்களைக் குடும்பத்தோடு கப்பலில் அந்தமான் அழைத்துப் போவதுதான் தொழில். சமையல்காரரும் பாத்திரமும் எங்களோடு வருவதால், சாப்பாட்டுக்குப் பயந்தே வெளியூர் போகாதவர்கள்கூட எங்களிடம் பெயர் கொடுப்பார்கள்.

ஒரு தடவை தவிர, மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார். "நீ பார்த்தியா, இல்ல சொன்னாங்களா?" கேபின் சுத்தமாக இருக்கிறதாம் மேடம் என்றால், அந்தக் கேள்வி. படகில் மிதவைச் சட்டை முப்பது இருக்கிறதாம் மேடம் என்றால், அதே கேள்வி. சொன்னார்கள் என்று பதில் சொன்னால் திட்டமாட்டார். கையில் இருக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாமே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அண்டாப் பயிற்சி அவருடைய ஏற்பாடு. எங்கள் பயணிகளில் பெரும்பாலோர் மெரினாவில் முழங்கால் நனைத்ததோடு சரி. அவர்களை முகமூடியும் குழாயும் மாட்டித் திடீரென்று கடலில் குப்புறப் படுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர் ஒரு பயணத்தில் பார்த்துவிட்டார். அதிலிருந்து, புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கீழ்க்கடையிலிருந்து நான்கு பித்தளை அண்டாக்களை மொட்டைமாடிக்கு ஏற்றி, பெஞ்சுமேல் வைத்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்புவோம். பயணி ஸ்டூலில் உட்கார்ந்து, முகமூடி மாட்டி, குழாயைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து நூறு மூச்சு விட வேண்டும். தலையைத் தூக்கினால் மறுபடி ஒன்றிலிருந்து. நாற்பதிலோ எழுபதிலோ, எப்போது என்று சொல்லாமல், மேடம் மேலிருந்து குழாய்க்குள் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றுவார். பதறாமல் 'பூ' என்று ஊதி அதை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த மூச்சை மெதுவாக இழுக்க வேண்டும். இந்த டம்ளர் தண்ணீருக்காகத்தான் அந்த அண்டாவும் அந்த நூறும்.

எச்சில் விவகாரம் தனிக்கதை. கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்ளே எச்சில் துப்பித் தேய்க்க வேண்டும் என்றால், பாதிப்பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு படி இறங்கிவிடுவார்கள். மேடம் ஒவ்வொரு முகமூடிக்கும் குழாய்க்கும் பெயிண்டில் நம்பர் போட்டார். அவரவர் நம்பர் அவரவருக்கு. அண்டாத் தண்ணீரையும் ஆளுக்கு ஒருமுறை மாற்றினோம். அதாவது நான் மாற்றினேன். கீழேயிருந்து மூன்றாம் மாடிக்குக் குடம் குடமாக. சமையல்காரர் தாஸ் அண்ணன் மட்டும், "இன்னா தம்பி, அண்டால மூஞ்ச உட்டா கடல் தெரியுமா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

நூறு முடித்தவர் பெயருக்கு எதிரே பதிவேட்டில் டிக் போட வேண்டும். பக்கத்தில் 'பார்த்தவர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். பெரும்பாலும் அதில் மேடத்தின் கையெழுத்துதான் இருக்கும். நான் சொல்லவந்த பயணத்தின்போது அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பிக்குப் பெண் பார்க்கப் போய்விட்டார். கையெழுத்துப் போடும் அதிகாரம் அன்றைக்கு முதல்முறையாக எனக்கு வந்தது.

அந்தக் குழுவில் பல்லாவரத்திலிருந்து ஒரு குடும்பம் கைக்காசு கட்டிச் சேர்ந்திருந்தது. காதர் பாய், தையல்கடை வைத்திருந்தவர். அவர் மனைவி ஷரீஃபா அக்கா. கல்லூரியில் விலங்கியல் சேர்ந்திருந்த மகள் நஸீமா. பவளப்பாறையை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தது மகள். அதைப் பிடித்துக்கொண்டது அம்மா. தண்ணீரில் இறங்குவதற்கென்றே கறுப்பு நிறத்தில் முழுக்கைச் சட்டையும் பைஜாமாவும், துணி மிதந்து மேலேறாமலிருக்க மணிக்கட்டிலும் கணுக்காலிலும் நாடா வைத்து, பாய் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்திருந்தார்.

மூவரும் மாடிப்படி ஏறி வந்தார்கள். பாய் நூறு மூச்சை அலட்டாமல் முடித்தார். மகளும் முடித்தாள். ஷரீஃபா அக்கா மட்டும் கடைசிப் படியில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மாடியில் முப்பது பேர். பக்கத்துக் கட்டடத்து மாடியில் வேலையில்லாத நாலைந்து ஆண்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவே முக்காட்டை எடுத்துவிட்டு, குனிந்து, முதுகைக் காட்டி நூறு மூச்சு. நஸீமா என்னிடம் வந்து, முகமூடியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, எங்கள் வீட்டிலும் அண்டா இருக்கிறது, நானே எண்ணுகிறேன் என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. டம்ளர் தண்ணீர் பற்றி இரண்டுதரம் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் அவள் மட்டும் வந்து திருப்பிக் கொடுத்தாள்.

"முடிச்சாங்களா?"

"நூறும் முடிச்சுட்டாங்க சார்."

"டம்ளர் ஊத்தினியா?"

"ஊத்தினேன் சார்."

நான் டிக் போட்டேன். பார்த்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். புதுக் கையெழுத்து அது, வளைவெல்லாம் வைத்துப் போட்டது. அழகாக இருக்கிறதே என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

கப்பலில் மூன்றாம் நாள் மேல்தளத்தில் ஷரீஃபா அக்கா என்னோடு பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை கடற்கரைக்குப் போயிருக்கிறாராம். மெரினா, பெசன்ட் நகர், கோவளம். குடும்பமே தண்ணீரில் ஆடும். இவர் மணலில் செருப்பு, பை, வாட்ச், கண்ணாடி எல்லாவற்றையும் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "செருப்புக்குக் காவல் இருந்தே எனக்கு வயசாயிடுச்சு தம்பி. இந்தத் தடவ செருப்பு தன்னத்தானே பாத்துக்கட்டும்" என்று சிரித்தார்.

தீவுக்குப் போகிற காலையில் படகுத்துறையில் மேடம் பதிவேட்டை விரித்தார். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தவர், ஷரீஃபா அக்கா பெயரில் நிறுத்தினார். மாடியில் எல்லாருக்கும் நடுவில் இவர் எப்படிச் செய்திருப்பார் என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இவங்கள நீ பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம்."

அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். கையெழுத்து அங்கே தெளிவாக இருந்தது. நம்பாமல் என்ன செய்வார்.

ஆள் குடியில்லாத தீவு அது. ஒரு மணிநேரப் படகு. கடல் நம்ம செம்பாக்கம் ஏரியைவிட அசைவில்லாமல் கிடந்தது. சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்த மணல். பத்தடி தள்ளித் தண்ணீருக்கடியில் கறுப்பாகப் பாறை தெரிந்தது. அந்த அமைதியைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. அதுதான் அங்கே ஆபத்து. இரண்டரை மணிக்குத் தண்ணீர் வடிவதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று படகோட்டி சொல்லிவிட்டார். நான்கு நான்கு பேராக மேடம் இறக்கினார். என் வேலை மார்பளவுத் தண்ணீரில் நின்று குழாய்களை எண்ணிக்கொண்டிருப்பது.

கடைசிக்கு முந்தின குழுவில் கிழக்குத் தாம்பரம் நடராஜன் சார். கணக்குப் பிரிவில் அதிகாரி. அண்டாவில் இருநூறு மூச்சு விட்டுக் காட்டியவர். என் கண்முன்னால்தான் டம்ளர் தண்ணீரையும் ஊதித் தள்ளினார். தூரத்தில் போன ஒரு படகு கிளப்பிய சின்ன அலை வந்து அவர் குழாய் வாயைத் தொட்டது. அவ்வளவுதான். மனிதர் முகமூடியைப் பிய்த்தெறிந்தார். நிற்கத் தெரியாமல் இரண்டுதரம் முழுகினார். நிற்கிற ஆழம்தான் அது. நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கரையில் உட்கார வைத்தேன். கண் சிவந்து, மூக்கொழுக, இருமல் நிற்கக் கால்மணிநேரம் ஆயிற்று. "மூச்சு எங்க போச்சுன்னே தெரியலப்பா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கடைசிக் குழு தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தது. நாடா கட்டிய கறுப்புச் சட்டையில் ஷரீஃபா அக்கா மகள் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுக்குப் போய்விட்டார். முகமூடியை இறக்கி மாட்டினார். பாய் கரையிலிருந்து, "நல்லா பாத்துட்டு வா" என்று கை காட்டினார். செருப்புகள் மணலில் ஆளில்லாமல் கிடந்தன.

இன்னும் சில வினாடி நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் இறங்கியிருப்பார், அவருக்கு ஒன்றும் ஆகாமலேகூடப் போயிருக்கலாம். இப்போதும் நான் அப்படி நினைப்பதுண்டு. மேடத்திடம் ஓடினேன்.

"மேடம், அவங்கள நான் பார்க்கல. பொண்ணு சொல்லித்தான் டிக் போட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்து, "ஷரீஃபா, அப்படியே நில்லுங்க. வெளிய வாங்க" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

முப்பது பேர் பார்க்க, ஈர உடையில், அந்தப் பத்தடியை அவர் திரும்பி நடந்து வந்தார். கரைக்கு வந்ததும் பையிலிருந்து துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் மேடத்தை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீதானே தம்பி கையெழுத்து போட்ட?"

"ஆமாங்க்கா."

"அப்ப சரின்னு தோணிச்சு. இப்ப தப்புன்னு தோணுதா?"

நஸீமா அழ ஆரம்பித்தாள். அம்மா முப்பது எண்ணுவதற்குள் மூன்றுதரம் தலையைத் தூக்கிவிட்டாராம். டம்ளர் தண்ணீரை ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லையாம். முடியவில்லை என்று சொன்னால் இறக்கமாட்டார்கள், மறுபடி செருப்புதான் என்று பயந்து பொய் சொல்லியிருக்கிறாள். ஷரீஃபா அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போய், செருப்புகளுக்கும் பைகளுக்கும் நடுவே மணலில் உட்கார்ந்துகொண்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பழக்கம்.

மணி ஒன்று ஐந்து. மேடம் கொஞ்சநேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மரத்தடிக்குப் போய், "தாஸு, புளிசோத்து அண்டாவ காலி பண்ணு" என்றார்.

"இன்னா மேடம்? இப்பதான் மூடி வச்சி கீது. ஜனம் பசில கீது."

"எலையில கொட்டு. அண்டா வேணும்."

தாஸ் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வாழையிலைகளைப் பரப்பி முப்பது பேர் சாதத்தையும் குவித்தார். நான் அண்டாவை மணல்போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் போகவில்லை. இரண்டாம்தரம் தேய்த்துக் கடல்நீர் நிரப்பினேன். நான்கு பெண்கள் இரண்டு புடவைகளைப் பிரித்துச் சுற்றிலும் பிடித்தார்கள். மறைப்புக்குள் மேடமும் ஷரீஃபா அக்காவும் மட்டும். என்னை மேடம் பைகளுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அங்கே உட்கார்ந்தபடி நான் காதால் மட்டும் கேட்டேன். மேடம் எண்ணுவது கேட்டது. பன்னிரண்டு. இருமல். மறுபடி ஒன்று. இருபத்தெட்டு. மறுபடி ஒன்று. "எண்ணெய் வாசன வருது" என்று ஷரீஃபா அக்கா குரல். "வரட்டும். வாயால விடுங்க" என்று மேடம். சாப்பாடு எப்போது என்று இரண்டுபேர் என்னிடம் வந்து கேட்டார்கள். பசி தாங்காத ஒருவர், ஒரு ஆளுக்காக எல்லாரும் காயணுமா என்று சத்தமாகவே சொன்னார். நடராஜன் சார்தான் திரும்பி, "சும்மா இருய்யா, குழாயில தண்ணி போய்ப் பார்த்தாத்தான் தெரியும் உனக்கு" என்றார். ஐம்பத்தாறில் டம்ளர் விழுந்தது. பெரிய இருமல். புடவை பிடித்திருந்த பெண்களே பயந்து உள்ளே பார்த்தார்கள். போதும், விட்டுவிடலாம் என்று மேடம் சொல்வார் என எதிர்பார்த்தேன். "தம் கட்டாதீங்க" என்பது மட்டும் கேட்டது. மறுபடி ஒன்று.

ஐந்தாவது தடவையில், நாற்பத்து மூன்றில், 'பூ' என்று ஒரு சத்தம். மறைப்புக்கு மேலே தண்ணீர் தெறித்தது. மேடம் நிறுத்தாமல் நாற்பத்து நான்கு என்றார். நூறு வந்தபோது மணி இரண்டு பத்து.

அதன்பிறகு அவர்கள் இறங்கினார்கள். ஒரு பக்கம் மேடம், ஒரு பக்கம் மகள், நடுவில் ஷரீஃபா அக்கா. படகோட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். கரையில் எல்லாரும் நின்றபடி புளிசாதம் தின்றுகொண்டு, ஆடாமல் நகர்கிற அந்த மூன்று குழாய்களைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நிமிஷம். நடுக்குழாயிலிருந்து ஒருதரம் தண்ணீர் பீய்ச்சியது. தலை எழவில்லை.

திரும்பும் படகில் மேடம் பதிவேட்டை என் மடியில் வைத்தார். டிக்கையும் கையெழுத்தையும் நானே அடித்துவிட்டு, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் அதே பக்கத்தின் கீழே தன் கையால் ஒரு வரி எழுதினார்: அடுத்த பயணத்திலிருந்து பெண்களுக்குத் தனி அறை, தனி நேரம். "இத்தனை வருஷம் மாடியில வச்சேன். யாரால படியேற முடியலன்னு நான் ஒருநாளும் பார்க்கல" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அவரிடம் இன்னும் பதினான்கு வருஷம் வேலை செய்தேன். பிறகு எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வளைவில்லாமல்.

ஷரீஃபா அக்கா படகின் பின்பக்கம், தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். முகமூடி அழுத்திய வட்டம் கண்ணைச் சுற்றிச் சிவப்பாகப் பதிந்திருந்தது. என்னைக் கையால் கூப்பிட்டார்.

"உம்மேல கோவம்தான் தம்பி. அத்தன பேர் முன்னாடி என்ன திரும்பி நடக்க வச்சிட்ட. அது போவாது."

"தெரியுங்க்கா."

"ஆனா ஒண்ணு. மேல நின்னா எல்லாரும் என்னையே பாக்கறாங்க. கீழ எத்தினி மீனு! ஒண்ணுகூட என்ன திரும்பிப் பாக்கல. அதுங்க பாட்டுக்கு மேஞ்சிகினு இருக்குதுங்க, நான் பாட்டுக்கு மேல கெடக்கறேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நீலக்கலர் மீன் இருக்குதே, ஓரத்துல மஞ்சக் கோடு, அது பேரு இன்னா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"நீ எத்தினி தடவ வந்திருக்க?"

"இது மூணாவது."

"பாத்ததில்லையா?"

காவல் நிற்பவன் தலை குனியக் கூடாது என்பது மேடத்தின் விதி. மூன்று பயணத்திலும் நான் தண்ணீருக்கு மேலே குழாய்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருதரம்கூட முகத்தை உள்ளே வைத்ததில்லை. அதைச் சொன்னேன்.

ஷரீஃபா அக்கா நஸீமாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பலகையில் எனக்கு இடம் காட்டினார்.

"உக்காரு. மொதல்ல மணலு முடியற எடத்துல, காலிஃப்ளவர் மாதிரி ஒண்ணு வருது" என்று தொடங்கினார். படகு துறையைத் தொடும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.